யார் சொன்னால் மண் சுத்தம்?

கலிபோர்னியாவில் பழைய பெட்ரோல் பங்க் ஒன்றை இடித்து, அடியில் கிடந்த தொட்டிகளைத் தோண்டியெடுத்து, கசிந்த எண்ணெயைத் துப்புரவு செய்து முடித்தால், இடத்துக்காரருக்கு அரசு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வரும். மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லை என்பது அதன் சாரம். கடன் கொடுக்கிற வங்கி அந்தக் கடிதத்தைக் கேட்கும். இடத்தை வாங்க வருகிறவர் கேட்பார். அங்கே அடுக்குமாடி கட்டப் போகிறவர் அதைக் கோப்பின் முதல் பக்கத்தில் வைப்பார். மண் சுத்தமாகிவிட்டது என்றுதான் எல்லோரும் அதைப் படிக்கிறார்கள். ஆனால் கடிதம் முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு வாக்கியம் கிடைக்காது.

நடவடிக்கை போதும் என்பது வேறு, மண் சுத்தம் என்பது வேறு. அழுக்கு எப்போது நீங்கியதாகக் கொள்ளலாம், அதை அறிவிக்கும் உரிமை யாருக்கு, நீங்கிய அழுக்கு எங்கே போய்ச் சேர்ந்தது என்றெல்லாம் மதங்கள் மிகப் பழங்காலம் தொட்டு மல்லுக்கட்டி வருகின்றன. துப்புரவுப் பொறியாளர்கள் இவற்றைத் தங்கள் கேள்விகளாக நினைப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு கோப்பை மூடும்போதும் இவற்றுக்குப் பதில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர்கள் அவர்கள்தான்.

தொட்டியைத் தூக்குகிற நாளில் முதலில் மேலே உள்ள கான்கிரீட்டை உடைப்பார்கள். அடியில் தேங்கிய எரிபொருளை உறிஞ்சியெடுத்த பிறகு, உள்ளே நிற்கும் ஆவி தீப்பிடிக்காமல் இருக்க உலர்பனிக் கட்டிகளைப் போட்டு ஆக்சிஜனை விரட்டுவார்கள். பிறகு கிரேன். மேலே வருகிற இரும்புத் தொட்டியின் அடிவயிற்றில் துரு அரித்த ஓட்டைகள் இருக்கும். குழியின் சுவரைப் பார்த்தே கசிவு எதுவரை போயிருக்கிறது என்று அனுபவசாலிகள் ஓரளவு சொல்லிவிடுவார்கள்: பழுப்பு மண்ணுக்கு நடுவே சாம்பல் கலந்த பச்சையாக ஒரு பட்டை ஓடும். பெட்ரோலைத் தின்னும் பாக்டீரியாக்கள் அங்கிருந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு, மண்ணிலிருக்கும் இரும்பின் மேல் கைவைத்ததற்கான அடையாளம் அந்த நிறம். ஆவியை அளக்கும் கைக்கருவியை அங்கே நீட்டினால் எண்கள் விறுவிறுவென்று ஏறும். குழியின் அடியிலிருந்தும் பக்கச் சுவர்களிலிருந்தும் மண்ணை எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள்.

எதுவரை தோண்டுவது என்ற தகராறு அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

அமெரிக்க நாடாளுமன்றம் 1984இல் நிலத்தடித் தொட்டிகளுக்கென்று சட்டம் கொண்டுவந்தது. 1986இல் ஒரு கேலன் எரிபொருளுக்குப் பத்தில் ஒரு சென்ட் வரி விதித்து, கசிவுகளைச் சரிசெய்ய ஒரு நிதியத்தை உண்டாக்கியது. பாதுகாப்புப் பூச்சில்லாத பழைய தொட்டிகளை மேம்படுத்தவோ மாற்றவோ மூடவோ 1998 டிசம்பர் வரை கெடு. தோண்டத் தோண்டத்தான் விவகாரத்தின் அளவு தெரிந்தது. உறுதியான கசிவுகள் மட்டுமே இதுவரை 5 லட்சத்தைத் தாண்டிவிட்டன. அத்தனை இடங்களிலும் கடைசித் துளிவரை எடுப்பதென்றால் எந்தக் கஜானாவும் தாங்காது.

1995இல் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகம் கலிபோர்னியாவின் கசிவுக் கோப்புகளை அலசி ஓர் அறிக்கை வெளியிட்டது. பெட்ரோலில் இருக்கும் பென்சீன் நிலத்தடி நீரில் கலந்தாலும், பெரும்பாலான இடங்களில் அது 250 அடியைத் தாண்டிப் பரவுவதில்லை. மூலக் கசிவை நிறுத்திவிட்டால் மண்ணின் பாக்டீரியாக்களே மிச்சத்தைக் காலப்போக்கில் தின்றுவிடும் என்பது அதன் முடிவு. 2012இல் கலிபோர்னியா நீர்வள வாரியம் 'அபாயம் குறைந்த' இடங்களின் கோப்பை மூடுவதற்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. அந்த மாநிலத்தில் ஒரு லிட்டர் குடிநீரில் பென்சீன் 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ரத்தப் புற்றுநோயைக் கொண்டுவரும் பொருள் என்பதால் அவ்வளவு கண்டிப்பு. ஆனால் புதிய கொள்கையின் ஒரு பிரிவின்படி, மாசு 250 அடிக்குள் அடங்கி, அதன் எல்லையிலிருந்து 1,000 அடிக்குள் கிணறோ நீர்நிலையோ இல்லாமல், மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், நிலத்தடி நீரில் 3,000 மைக்ரோகிராம் வரை பென்சீன் இருக்கும்போதே கோப்பை மூடலாம்.

குழாயில் வந்தால் 1. பூமிக்கடியில் 3,000. நஞ்சு ஒன்றுதான், மாறியது அதைக் குடிக்க அங்கே ஆள் இருக்கிறாரா என்பது மட்டுமே. சுத்தத்தை அளக்கும்போது மண்ணை அளக்கவில்லை, மண்ணுக்கு மேலே வாழப்போகிறவர்களைத்தான் அளக்கிறார்கள்.

இதை ஏமாற்று என்று கொதிப்பவர்கள் உண்டு. அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. முழுச் சுத்தம் என்ற பெயரில் நடப்பதையும் பார்த்தாக வேண்டும். கெட்ட மண்ணைக் கடைசிக் கூடைவரை வழித்தெடுத்தால் அது லாரியில் ஏறி வேறோர் ஊருக்குத்தான் போகும். லேவியராகமத்தின் 16ஆம் அதிகாரம் இரண்டு வெள்ளாடுகளைப் பற்றிப் பேசுகிறது. ஒன்று பலிக்கு. மற்றதன் தலைமேல் ஆரோன் கைவைத்து மக்களின் பாவங்களை அறிக்கையிட, அது அவற்றைச் சுமந்துகொண்டு வனாந்தரத்துக்கு ஓட்டப்படும். வனாந்தரத்தில் யாருமில்லை என்ற நம்பிக்கைமேல் நிற்கிற சடங்கு அது. கலிபோர்னியாவின் மாசு மண் கணிசமாக அரிசோனாவுக்கும் யூட்டாவுக்கும் போவதை 2023 ஜனவரியில் கால்மேட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது. அம்மாநிலத்தின் கறாரான விதிப்படி அபாயக் கழிவு என்று எண்ணப்படுகிற மண், எல்லை தாண்டினால் சாதாரணக் குப்பைக்கிடங்கிலேயே கொட்டத் தகுந்ததாகிவிடுகிறது. அப்படிக் கொட்டப்படும் கிடங்குகளில் ஒன்று அரிசோனாவின் யூமா பகுதியில், கொக்கோபா பழங்குடியினரின் நிலத்துக்கு அருகே இருக்கிறது. வனாந்தரம் என்று நினைத்த இடத்தில் ஆட்கள் இருந்தார்கள்.

எண்ணை நம்பாதவர்கள் புலன்களை நம்பலாமா? இஸ்லாமியச் சட்டமரபில் இதற்கு ஒரு தெளிவான விதி உண்டு. தண்ணீரில் அசுத்தம் விழுந்து அதன் நிறமோ சுவையோ வாசனையோ மாறினால் அது அசுத்த நீர். சவூதி அரேபியாவின் மூத்த அறிஞர்கள் குழு 1978இல் இந்த விதியைப் புதிய சூழலுக்குப் பொருத்தியது: கழிவுநீரை நவீன முறையில் சுத்திகரித்து அந்த மூன்றும் பழையபடி திரும்பிவிட்டால், அதைத் தொழுகைக்கு முன் அங்கசுத்திக்கே பயன்படுத்தலாம். அழுக்கு எப்போதோ சேர்ந்தது என்ற காரணத்துக்காகத் தண்ணீர் என்றைக்கும் தள்ளிவைக்கப்படுவதில்லை என்ற பெருந்தன்மை இதில் இருக்கிறது. எவரும் தன் நாக்கையும் மூக்கையும் கொண்டே சரிபார்த்துக்கொள்ளலாம் என்பதால் ஜனநாயகமும் இருக்கிறது.

பெட்ரோலிடம் இந்த விதி பாதிதான் செல்லுபடியாகும். எண்ணெயின் தரத்தை உயர்த்தச் சேர்த்த எம்.டி.பி.இ என்ற பொருள் தண்ணீரில் மிகச் சிறிதளவு கலந்தாலே டர்பன்டைன் போல நாறும். சாண்டா மோனிகா நகரம் 1996இல் அதனால் கிணறுகளை மூடித் தன் குடிநீரில் ஏறக்குறைய பாதியை இழந்தது. அந்தப் பொருளுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1997இல் சொன்ன ஆலோசனை அளவும் சுவையையும் வாசனையையும் வைத்துத்தான். பென்சீனின் குணம் இதற்கு நேர்மாறு. அனுமதித்த அளவைப்போல் பல மடங்கு ஏறினாலும் மூக்குக்குத் தட்டுப்படாது. குறைவாகக் கெடுப்பது நாறுகிறது, அதிகம் கெடுப்பது சத்தமில்லாமல் வருகிறது.

சைவ சித்தாந்திகளிடம் போனால் வேறொரு வெளிச்சம் கிடைக்கும். உயிரைப் பற்றிய மலங்களில் மூலமான ஆணவத்துக்கு அவர்கள் காட்டும் உவமை செம்பில் படிந்த களிம்பு. முத்தியில்கூட அந்த ஆணவம் அழிந்து ஒழிவதில்லை, அதன் சத்தி மட்டுமே மடங்கிப் போகிறது என்பது மெய்கண்டார் வழிவந்த கொள்கை. 'அபாயம் குறைந்த இடம்' என்ற கலிபோர்னியக் கொள்கையின் உள்ளே இருப்பதும் இதே எண்ணம்தான்: மாசு இருக்கும், ஆனால் அது வேலை செய்யாது. பொருள் அழிவதையும் அதன் பிடி தளர்வதையும் பிரித்துப் பார்க்கக் கற்ற மரபுக்கு, எஞ்சிய பென்சீனோடு கோப்பை மூடுவது அதிர்ச்சி தராது.

ஆனால் ஒப்பீட்டை அதற்குமேல் இழுத்தால் அறுந்துவிடும். களிம்பு செம்போடு அநாதியாக உள்ளது என்பார்கள், பெட்ரோல் அப்படியல்ல. அது ஒரு தேதியில், ஒரு முதலாளியின் தொட்டியிலிருந்து கசிந்தது. இன்னொன்று, ஆணவத்தை மடக்கி வைத்திருப்பது திருவருள். அதற்கு ஓய்வு கிடையாது. மண்ணிலிருக்கும் நஞ்சை மடக்கி வைத்திருப்பது என்ன? இங்கே கிணறு வெட்டக் கூடாது, அனுமதியில்லாமல் அடித்தளம் தோண்டக் கூடாது என்று நிலப்பத்திரத்தில் எழுதிய சில வரிகள். நிலம் கைமாறும், அலுவலகம் இடம் மாறும், கோப்பு கணினிக்கு ஏறும்போது ஒரு பக்கம் விட்டுப்போகும். அருளின் வேலையைப் பத்திரப் பதிவுத் துறையிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்றால் மிகையில்லை.

தத்துவத் துறையிலும் இதற்கு ஒரு கிளை உண்டு. ஆஸ்திரேலியத் தத்துவவாதி ராபர்ட் எலியட் 1982இல், சிதைத்த இயற்கையை எவ்வளவு அச்சாகத் திரும்ப உருவாக்கினாலும் அது போலி ஓவியத்துக்குச் சமம், ஏனென்றால் அதன் வரலாறு வேறாகிவிட்டது என்று வாதிட்டார். சுரங்கம் தோண்டிய நிலத்தில் மரம் நடுகிறவர்களைப் பார்த்துச் சொன்ன வாதம். கசிவு மண்ணில் இது சற்றுத் தடுமாறுகிறது. அங்கே மீட்புப் பணியில் பெரும்பகுதியைச் செய்வது நம் கை அல்ல, அந்த மண்ணிலேயே இருந்த பாக்டீரியா. போதாததற்கு, கசிந்த பொருளே கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் செத்துப் படிந்த நுண்ணுயிர்களின் மிச்சம். எது அசல், எது கலப்படம் என்று கோடு போட எலியட்டே கொஞ்சம் யோசித்திருப்பார்.

இந்தக் கேள்விகள் எல்லாம் ஒரே மலைக்குள் கூடிய இடம் ஹவாயின் ஓவாஹு தீவு. ஹொனலுலுவை ஒட்டிய ரெட் ஹில் மலையை அதன் பூர்வ குடிகள் கபூககீ என்று அழைக்கிறார்கள். 1940இன் கடைசியில் தொடங்கி 1943இல் முடித்து, அந்த எரிமலைப் பாறைக்குள் அமெரிக்கக் கடற்படை 20 தொட்டிகளைக் குடைந்தது. ஒவ்வொன்றும் 250 அடி உயரம், 100 அடி விட்டம். ஒன்றில் 1 கோடியே 25 லட்சம் கேலன் கொள்ளும். அவற்றின் அடியிலிருந்து ஏறத்தாழ 100 அடி கீழே தீவின் முக்கியமான நன்னீர்ப் படுகை. கானே, கனலோவா என்ற தெய்வங்கள் தடியால் தட்டித் தட்டி ஊற்றுகளைத் திறந்துவிட்டபடி நடந்த தீவுகள் என்பது ஹவாய்க்காரர்களின் நம்பிக்கை. அந்த ஊற்றுக்கு மேலே போர் எண்ணெய் ஏறி உட்கார்ந்தது.

2014 ஜனவரியில் 5ஆம் எண் தொட்டியிலிருந்து ஏறக்குறைய 27,000 கேலன் ஜெட் எரிபொருள் கசிந்தது. 2021 மே 6இல் இன்னொரு கசிவு. 1,600 கேலன் அளவுதான் என்று சொன்னார்கள். உண்மையில் சுமார் 20,000 கேலன் வெளியேறி, பெரும்பகுதி தீயணைப்பு அமைப்பின் வடிகுழாய்க்குள் போய் யாருக்கும் தெரியாமல் மாதக்கணக்கில் நின்றது. நவம்பர் 20இல் சுரங்கப்பாதையில் போன வண்டி ஒன்று அந்தக் குழாயை இடித்து உடைக்க, எண்ணெய் கொட்டிக் கடற்படையின் குடிநீர்க் கிணற்றை எட்டியது. அந்தக் கடற்படைக் குடிநீர் அமைப்பை நம்பி சுமார் 93,000 பேர் இருந்தார்கள்.

நவம்பர் கடைசி வாரத்தில் குழாயைத் திறந்த குடும்பங்களுக்கு எரிபொருள் வாடை அடித்தது. நீரின் மேல் வானவில் படலம். குழந்தைகளுக்குச் சொறி, பெரியவர்களுக்கு வாந்தி, தலைவலி. கடற்படைத் தளத்தின் தலைமை அதிகாரியோ தண்ணீர் பாதுகாப்பற்றது என்பதற்கு உடனடி அறிகுறி எதுவும் இல்லை என்றும், தானும் தன் ஊழியர்களும் அதையே குடிப்பதாகவும் எழுதினார். பிறகு வருத்தம் தெரிவித்தார். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஹோட்டல் அறைகளுக்குக் குடிபெயர்ந்தன. நிறம், சுவை, வாசனை என்ற பழைய விதி இங்கே அதிகாரிகளின் அறிவிப்பை முந்திக்கொண்டது.

2022 மார்ச்சில் வட்டாரம் வட்டாரமாகக் குழாய்களை அலசி, மாதிரி எடுத்து, தண்ணீர் குடிக்க ஏற்றது என்று மாநிலச் சுகாதாரத் துறை அறிவித்தது. அதன் பிறகும் படலம் தெரிகிறது, வாடை வருகிறது என்று புகார்கள் வந்துகொண்டேயிருந்தன. ஆய்வுக்கூடம் பொய் சொல்லியது என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டியதில்லை. ஒருமுறை பொய்த்த வாயிலிருந்து 'சுத்தம்' என்ற அறிவிப்பு வரும்போது, எண் சரியாக இருந்தாலும் அது கேட்பவரிடம் போய்ச் சேர்வதில்லை.

யூதர்களின் மிஷ்னாவில் 'யோமா' பகுதி இதற்குத் திட்டவட்டமாக வழி சொல்கிறது. கடவுளுக்கு எதிரான பிழைகளுக்கு யோம் கிப்பூர் நாள் பரிகாரமாகும். சக மனிதனுக்குச் செய்த பிழைக்கு, அவனைச் சமாதானப்படுத்தும்வரை அந்த நாளும் பரிகாரமாகாது. கசிவு விவகாரங்களில் இந்த வேறுபாட்டைக் கொண்டு பார்த்தால் பல முடிச்சுகள் அவிழும். மண்ணுக்கும் தண்ணீருக்கும் செய்ய வேண்டியதைப் பொறியாளர் செய்யலாம். ஹோட்டல் அறையில் கைக்குழந்தையோடு கிடந்தவருக்குச் செய்ய வேண்டியது வேறு கணக்கு. முதல் கணக்கை முடித்துவிட்டு இரண்டையும் முடித்ததாகக் கையெழுத்து வாங்குவதுதான் அலுவலக வழக்கம். கடற்படையின் உயரதிகாரிகள் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். அதைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். ஆனாலும் குடும்பங்கள் நீதிமன்றம் போயின. 2025இல் முதல் கட்டமாக 17 பேருக்கு மொத்தம் 6 லட்சத்து 80 ஆயிரம் டாலர் அளவுக்கு நீதிபதி இழப்பீடு விதித்தார்.

தமிழர்களுக்கு இந்த வாடை புதிதல்ல. ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கும் மழைநீர்தான் குடிநீர். சுன்னாகத்தில் அனல்மின் நிலைய வளாகத்தின் கழிவு எண்ணெய் அந்தப் பாறை வழியே இறங்கி வீட்டுக் கிணறுகளில் மிதந்தது. 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம் மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கெடுத்தவரே கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை அங்கே நிலைநாட்டிய தீர்ப்புகளில் அது முக்கியமானது. காலையில் கிணற்றில் வாளி விடுகிற பெண்மணி முதலில் முகர்ந்து பார்க்கும் பழக்கத்தை எந்தத் தீர்ப்பு மாற்றும் என்பது தனிக் கேள்வி.

ஹவாய்க்குத் திரும்பினால், அங்கே சட்டமே ஒரு பதிலை வைத்திருக்கிறது. 1978இல் திருத்திய மாநில அரசியலமைப்பு, நீர் உட்பட எல்லாப் பொது இயற்கை வளங்களையும் மக்களின் நன்மைக்காக அரசு பொறுப்பேற்றுக் காக்க வேண்டும் என்கிறது. 2000இல் வயாஹோலே வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், இப்போது இருப்பவர்களோடு இனி வரப்போகும் தலைமுறைகளும் இந்தப் பொறுப்பில் அடக்கம் என்று விளக்கியது. 'குடிக்க ஆள் இல்லை, அதனால் 3,000 இருக்கலாம்' என்ற கணக்கு இங்கே எளிதில் நிற்காது. இன்னும் பிறக்காதவரும் கணக்கில் இருக்கிறார். கலிபோர்னியக் கொள்கை நேர்மையானதுதான். ஆனால் இந்த இடத்தில் ஹவாய்தான் சரியாகக் கேட்கிறது என்று தோன்றுகிறது: அபாயத்தை அளக்கிறவர் எந்த ஆண்டு வரையிலான மனிதர்களுக்காக அளக்கிறார்?

2022 மார்ச் 7இல் ரெட் ஹில்லை நிரந்தரமாக மூடுவதாகப் பாதுகாப்பு அமைச்சர் அறிவித்தார். 2023 அக்டோபரில் எண்ணெயை இறக்கத் தொடங்கி, 10 கோடி கேலனுக்கும் மேல் கப்பல்களில் ஏற்றி வேறிடங்களுக்குக் கொண்டுபோனார்கள். தொட்டிகளைக் கழுவி, குழாய்களைக் கழற்றி எடுப்பது கடற்படையின் திட்டம். தொட்டிகளை மட்டும் எடுக்கப் போவதில்லை. மலையோடு சேர்த்துக் கட்டியவை என்பதால் வெற்றுக் கூடாக உள்ளேயே விட்டுவிடுவார்கள். பாறையின் வெடிப்புகளில் 80 ஆண்டுகளாக இறங்கியது எவ்வளவு, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைக் கண்காணிப்புக் கிணறுகளைத் துளைத்துத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கிடையில் ஹொனலுலு குடிநீர் வாரியம் 2021 டிசம்பரில் முன்னெச்சரிக்கையாகத் தன் ஹலவா கிணற்றையும் அருகிலிருந்த வேறு இரண்டு கிணறுகளையும் நிறுத்தியது. நகரின் மையப் பகுதிக் குடிநீரில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு ஹலவாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்தக் கிணற்றில் எண்ணெய் வந்துசேர்ந்துவிட்டது என்பதற்காக அதை மூடவில்லை. பம்பை ஓட்டினால் மலைக்கு அடியிலுள்ள மாசை நகரத்தின் பக்கம் இழுத்துவிடலாம் என்ற அச்சத்தில்தான் மூடினார்கள். 2025இல் வாரியம் கடற்படையிடம் 120 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டபோதும் ஹலவா திறக்கப்படவில்லை. கேட்ட தொகையில் புதிய நீராதாரம் தேடும் செலவு இருக்கிறது, சுத்திகரிப்புச் செலவு இருக்கிறது, நீரைத் தொடர்ந்து கண்காணிக்கும் செலவும் இருக்கிறது.